கண்ணாடிக்குள் வளர்ந்த பிள்ளை

பேச்சாயி செத்துப்போன சேதி போன வாரம் வந்தது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன் என்றதும் என் மனைவி ரோசலின், "அதையாச்சும் ஒழுங்காச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் வாய் அப்படித்தான். ஆனால் சொன்னதில் தப்பில்லை. அந்த மனுஷிக்கு நான் செய்த நல்ல காரியம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் தேறும். அதுவும் கடைசியில் வினையாகத்தான் முடிந்தது.

திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குக் கீழே, ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கூடி ஐம்பத்தைந்தாம் வருஷம் ஒரு காட்சிச்சாலை தொடங்கினார்கள். பழைய புகையிலைக் கிட்டங்கி ஒன்றுக்கு வெள்ளையடித்து, மூன்று அறையாகத் தடுத்து, மேலே போர்டு மாட்டினார்கள். துருப்பிடித்த பீரங்கிக் குண்டுகள், வயலில் தோண்டியெடுத்த தாழிகள், மூக்குடைந்த நடுகல் ஒன்று, யாராலும் படிக்க முடியாத செப்புக்காசுகள். மழை பெய்தால் எல்லாச் சாமானிலும் புகையிலை நெடி அடிக்கும். நான் அங்கே ரைட்டர். கிறிஸ்துராஜ் என் பெயர். வருகிற பொருளுக்கு நம்பர் போட்டு ரிஜிஸ்தரில் ஏற்றுவது, அட்டையில் விவரம் எழுதி ஒட்டுவது, பீரோச் சாவிகளை இடுப்பில் செருகிக்கொண்டு அதிகாரம் பண்ணுவது, இவ்வளவுதான் என் உத்தியோகம். எனக்கு மேலே காரியதரிசி. எனக்குக் கீழே கூட்டிப் பெருக்குகிற ஆள் ஒன்று. அந்த ஆள்தான் பேச்சாயி.

ஐம்பத்தேழு ஆடியில் வேலை கேட்டு வந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். பார்ப்பவர்கள் ஐம்பது என்பார்கள். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து. சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டி, பூக்காட்டில் பூ எடுத்துப் பழகிய கை என்று மட்டும் சொன்னாள். வேலை சுத்தம். ஆனால் ஒன்று. மற்ற பீரோக் கண்ணாடிகளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போகிறவள், தெற்கறையில் ஒரு பீரோவை மட்டும் அரை மணி நேரம் துடைப்பாள். கண்ணாடி தேய்ந்து போய்விடப் போகிறது என்று நான் பலமுறை கத்தியிருக்கிறேன். "தூசி ஒட்டுதுய்யா" என்பாள்.

அந்தப் பீரோவில் இருந்தது நாற்பத்து மூன்றாம் எண் பொருள். புகையேறிக் கறுத்த ஒரு மரப்பெட்டி, முழ நீளம். மூடியைத் திறந்தபடி வைத்திருந்தோம். உள்ளே சிறுமியின் பச்சைப் பாவாடை ஒன்று, சட்டை ஒன்று, ரிப்பன், நாலு கண்ணாடி வளையல். அட்டையில் என் கையெழுத்து: 'கன்னித் தெய்வப் பெட்டி. நூறாண்டுக்கு மேற்பட்டது.'

திண்டுக்கல் பக்கத்துக் கிராமக் குடும்பங்கள் சிலவற்றில், கல்யாணமாகுமுன் செத்துப்போன பெண்பிள்ளையை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். பிள்ளை உடுத்திய துணியைப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றிவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, தை கடைசி வெள்ளியில், பெட்டியை இறக்கிப் பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுத்துணி வைப்பார்கள். பழையதை ஏதாவது ஒரு பெண்குழந்தைக்கு உடுத்தக் கொடுப்பார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் வேதக்காரன், எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தெரியாதவன் கேட்டிருக்க வேண்டும். ஜீப்பில் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிய காரியதரிசி, "ரொம்பத் தலைமுறையாக் கும்பிடுறதாம், நூறுன்னு போடு" என்றார். நூறு என்று போட்டேன். வருஷா வருஷம் மாற்றுகிற துணிக்கு நூறு வயசு எழுதின மேதாவி நான்தான்.

ஐம்பத்தெட்டு தை கடைசி வெள்ளி. காலையில் தெற்கறைக்குள் போனால், பேச்சாயி தலைக்குக் குளித்து ஈரக்கூந்தலோடு அந்தப் பீரோ முன்னால் நிற்கிறாள். கையில் காகிதப் பொட்டலம்.

"ரைட்டரய்யா, செத்த நேரம் இதத் தொறந்து விடுவீகளா? ஒரு துணி மாத்தணும்."

நான் குதித்தேன். காட்சிச்சாலைப் பொருளைக் கூட்டுகிறவள் தொடுவதா, வேலை வேண்டுமா வேண்டாமா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் மூச்சு வாங்கும்போது, "அது எம்புள்ளய்யா. கண்ணம்மா" என்றாள்.

கண்ணம்மாள் அவளுக்கு ஒரே பிள்ளை. ஐம்பத்து நாலில் காய்ச்சல் கண்டு, ஒன்பது வயசில், மூன்றே நாளில் போய்விட்டது. பேச்சாயியின் புருஷன் சடையாண்டியின் அண்ணன் நாச்சிமுத்து வீடுதான் அவர்களுக்குச் சாமி வீடு. பெட்டியை அங்கே வைத்தார்கள். அடுத்த தை வெள்ளியில் பேச்சாயியே தன் கையால் துணி மாற்றினாள். அதே மாசியில் கிணறு வெட்டப் போன சடையாண்டி மண் சரிந்து உள்ளேயே முடிந்துபோனான். அதோடு அவளுக்குப் பெட்டியும் போயிற்று. தாலியறுத்தவள் கன்னிப் பெட்டியைத் தொட்டால் குடும்பத்துக்கு ஆகாதாம். மறு வருஷம் துணி மாற்றும்போது அவளை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். பெற்றவள் வெளியே, நாச்சிமுத்து பெண்சாதி உள்ளே. மூதேவிகளா என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. எங்கள் ஆட்களிடம் மட்டும் இந்த மாதிரிக் கூத்து இல்லையா என்ன, இருக்கிறது.

பிறகு நாச்சிமுத்துவின் மாடு இரண்டு அடுத்தடுத்துச் செத்தது. குறி சொல்கிற கோடாங்கியிடம் கேட்டான். கன்னி கோபமாக இருக்கிறது, வேறே பெரிய இடத்தில் கொண்டுபோய் விடு என்று கோடாங்கி சொல்லியிருக்கிறான். அந்த வாரம் பார்த்து எங்கள் காரியதரிசியின் ஜீப் பழைய சாமான் தேடிக்கொண்டு அந்த ஊருக்குள் போயிருக்கிறது. ஜீப்பைக் கண்டதும் நாச்சிமுத்துவுக்குச் சர்க்காரே வந்துவிட்டதாக நினைப்பு. சர்க்காரைவிடப் பெரிய இடம் எது? தூக்கிக் கொடுத்துவிட்டான். திருப்பிக் கொண்டுவந்து விடக்கூடாதே என்று தலைமுறைக் கணக்கையும் சேர்த்துச் சொன்னான்.

சேதி கேட்டுப் பேச்சாயி பஸ் பிடித்து வந்து, பீரோ முன்னால் மத்தியானம் வரைக்கும் நின்றிருக்கிறாள். அடுத்த வாரம் வேலை கேட்டு வந்துவிட்டாள்.

பெட்டியைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கிறதுதானே என்றேன். கேட்டால் நாச்சிமுத்து வீட்டுக்குத்தானே போகும், அங்கே என்னைத் தொடவிடுவார்களா என்றாள். "இங்கன தாலிய யாரும் பாக்கல. பீரோ சாவி மட்டும்தான் கேக்குது" என்றாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அந்தப் பூசாரி நான். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தேன்.

அவள் துணியைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பாச்சை உருண்டை வாசம் அடிக்கிறது, பிள்ளைக்கு மூச்சு முட்டாதா என்று கேட்டாள். பூச்சி அரிக்காமல் இருக்கத்தான் என்றேன். மஞ்சள் பாவாடை ஒன்றை மடித்து வைத்து, வளையலை மாற்றி, ஒரு கிள்ளு மல்லிகை வைத்தாள். பூ காய்ந்தால் கறை படியும் என்று சொல்லி அதை மட்டும் எடுக்க வைத்தேன். இப்போது நினைத்துக்கொள்கிறேன். ஒரு கிள்ளுப் பூ, இருந்துவிட்டுப் போகட்டுமே.

அன்றைக்கே நான் ரிஜிஸ்தரில் நாற்பத்து மூன்றை அடித்துவிட்டு, இது நாலு வருஷத்துக்கு முன்னால் செத்த பிள்ளையின் பெட்டி என்று காரியதரிசியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். பெட்டியை நேராக இவள் கையிலேயே கொடுக்க வழி பண்ணியிருக்கலாம். செய்யவில்லை. நூறு என்று எழுதினது நான். என் கையெழுத்துக்கு நானே எப்படிக் கோடு போடுவது என்ற வறட்டுக் கௌரவம். அவளும் கேட்கவில்லை. வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை போதும் என்றுதான் இருந்தாள்.

அப்படியே வருஷங்கள் போயின. வெள்ளைச் சேலையும் விளக்குமாறுமாக நாலு தெருவுக்குள் அவள் பிழைப்பு. நாகல் நகரில் ஒரு ஓட்டுச் சார்ப்பில் குடியிருந்தாள். பெட்டியிலிருந்து எடுக்கிற பழைய துணியை அந்தத் தெருவிலேயே ஏதாவது ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவாள். நல்ல நாள் பொல்லாத நாள் ஒன்றும் கிடையாது. தை வெள்ளிக்கு ஒரு மாசம் முன்னாலேயே கடைகடையாக ஏறித் துணி பார்ப்பாள். அந்த ஒரு மாசம் மட்டும் கொஞ்சம் பேசுவாள்.

அறுபதாம் வருஷம் பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே பாவாடையோடு தாவணி இருந்தது. இது எதற்கு என்றேன்.

"பதினஞ்சு ஆச்சுல்லய்யா. இன்னும் வெறும் பாவாடையோடவா நிக்கும்?"

கன்னித் தெய்வம் வளருமா என்று கேட்டேன். இவ்வளவு நாளில் நானும் அங்கே இங்கே விசாரித்துக் கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தேன். அவர்கள் வழக்கத்தில் பிள்ளை எந்த வயசில் போனதோ அந்த வயசிலேயேதான் நிற்கும். துணியும் அதே அளவுதான் வைப்பார்கள். பேச்சாயி மடிப்பை நீவி விட்டுக்கொண்டே, "வளராதுன்னுதான் சொல்லுவாக. எனக்கு வளந்துக்கிட்டேதான் இருக்கு, நான் என்ன செய்ய" என்றாள். வை என்று சொல்லிவிட்டேன். நான் செய்த அந்த ஒரு நல்ல காரியம் இதுதான். பார்க்க வருகிறவர்களில் ஒருத்தராவது நேற்றுப் பாவாடை இருந்த இடத்தில் இன்று தாவணி எப்படி வந்தது என்று கேட்டார்களா? கிடையாது. அறுபத்து மூன்றில் பதினெட்டு ஆனதும் சேலை வைத்தாள். சின்னாளபட்டிச் சுங்கடி, நீலம்.

அந்த வருஷம் புரட்டாசியில் மெட்ராஸிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். காட்சிச்சாலைக்குச் சர்க்கார் உதவி கிடைப்பதும் கிடைக்காததும் அவர் எழுதுவதைப் பொறுத்து. காரியதரிசி மூன்று நாளாகத் தூங்கவில்லை. நிபுணர் ரிஜிஸ்தரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பொருள் பொருளாகப் பார்த்து வந்தார். நாற்பத்து மூன்றில் 'சிறுமியின் பாவாடை' என்று படித்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். சேலையை வெளியே எடுத்து உதறினார். முந்தானை ஓரத்தில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு இன்னும் இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சின்னாளபட்டியில் கடைச்சீட்டு ஒட்டினார்களா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். காரியதரிசிக்கு முகம் செத்துவிட்டது. பழைய துணியை யாரோ திருடிவிட்டுப் புதுசை வைத்துவிட்டார்கள் என்று சத்தம் போட்டார்.

பேச்சாயி விளக்குமாற்றோடு அறைவாசலில் நின்றாள். என்னை ஒருமுறை பார்த்தாள். அப்போது ரோசலினுக்கு எட்டாம் மாசம். இந்த வேலை போனால் எங்கே போவேன் என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது. தரையைப் பார்த்தேன்.

"நான்தான்யா மாத்துனேன்" என்றாள் பேச்சாயி. சாவி எப்படிக் கிடைத்தது என்று காரியதரிசி கேட்டார். "ரைட்டரய்யா சாப்டப் போனப்ப மேசையில கெடந்துச்சு. எடுத்தேன்."

சாவி என் இடுப்பை விட்டு ஒருநாளும் இறங்கியதில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பழைய துணி எங்கே என்றதற்கு, தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள். திருடி என்று முடிவு பண்ணி அப்போதே வெளியே போகச் சொன்னார்கள். போலீஸுக்குப் போனால் காட்சிச்சாலையின் மானமும் சேர்ந்து போகும் என்பதால் அதோடு விட்டார்கள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு என்னைத் தாண்டும்போது, "பொட்டிய வெயில் படாம வைங்கய்யா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ரோசலினிடம் சொன்னேன். வாயைத் திறந்தால் நாக்கு அழுகியிருக்குமா என்று கேட்டாள். பத்து நாள் சோறு இறங்கவில்லை. கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். இங்கே சொன்னால் பத்தாது, அங்கே போய்ச் சொல்லு என்றார் சாமியார். நடந்தது அத்தனையும் இரண்டு பக்கம் எழுதி, பெட்டியைப் பேச்சாயியிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக் காரியதரிசியின் கையில் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். "அப்ப இது நம்ம சாமானே இல்லைங்கிறே" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பெட்டி அவளுக்குக் கிடைத்துவிடும் என்று நம்பி அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஒரு கல்வெட்டைப் படியெடுக்க என்னைச் செம்பட்டிக்கு அனுப்பினார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கிட்டங்கிக்குப் பின்னால் சாம்பல் கிடந்தது. கரையான் தின்ற படச்சட்டங்களையும் பழைய காகிதங்களையும் எரித்திருந்தார்கள். அதற்குள் பெட்டியின் பித்தளைக் கொண்டி கறுத்துப்போய்க் கிடந்தது. தப்பான சாமான் ஒன்று இங்கே இருந்ததே யாருக்கும் தெரியக்கூடாதாம். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் காரணம் வெளியே வந்துவிடும். ரிஜிஸ்தரை என் முன்னால் தள்ளினார். 'கரையான் அரித்தது. அழிக்கப்பட்டது' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். நூறு என்று எழுதின அதே கை.

பேச்சாயி வெங்காயப் பேட்டையில் காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தாள். தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அறுபத்து நாலு தை கடைசி வெள்ளிக்கு அவளே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ரோசலின் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சாயி பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தாள். அரக்குச் சிவப்பில் கல்யாணச் சேலை.

"இருந்தா இந்த வருசம் முடிச்சுக் குடுத்திருப்பேன். குடுத்துட்டா அப்புறம் அவ நம்ம வீட்டுப் புள்ள இல்ல. நானும் இதோட விட்டுர்றேன். இந்த ஒரு தடவ மட்டும் தொறந்து விடுங்கய்யா."

சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. பெட்டியை மெட்ராஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அங்கே பெரிய மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள் என்றேன். பேச்சாயி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அம்புட்டுத் தொலைவா என்று கேட்டாள். சேலையை மடியில் வைத்து மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"கட்டிக் குடுத்த மாதிரிதான் ஆயிப்போச்சு, அப்பு" என்றாள். அதுவரை அய்யா என்று கூப்பிட்டவள் அன்றைக்குத்தான் உறவுக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி என்னை அப்பு என்றாள். மெட்ராஸ் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்பச் சொல்லிச் சேலையை என் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன். அவள் போனபிறகு ரோசலின் நாலு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு பொய்யை நிமிர்த்த ஒன்பது பொய் வேண்டும். தெருவில் பார்த்தால் போதும், சேலை போய்ச் சேர்ந்துச்சா, எப்படி இருக்காம் என்று கேட்பாள். போய்ச் சேர்ந்துவிட்டது, நன்றாக இருக்கிறது என்பேன். பெரிய பீரோவில் மின்சார விளக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள் என்றுகூட ஒருநாள் சொன்னேன். அவளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் சொன்னவன் நாக்கை அறுக்கலாம். சேலை என் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது.

அறுபத்தைந்து சித்திரையில் ஒரு நாள், நல்ல உச்சிவெயிலில் வந்தாள். கையில் மஞ்சள் பை. முகமெல்லாம் ரயில் கரி. நேராக ஸ்டேஷனிலிருந்து வந்திருக்கிறாள். கண்ணம்மாளைப் பார்க்க மெட்ராஸுக்குத் தனியாகப் போயிருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது, திண்டுக்கல்லைத் தாண்டித் தனியாகப் போனவளுமில்லை. அந்தப் பெரிய மியூசியத்தில் இரண்டு நாள் அறை அறையாக, பீரோ பீரோவாக நடந்து பார்த்திருக்கிறாள். காவல்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, துணி வைத்திருக்கிற இடம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்.

"அங்க இல்லையே அப்பு. எம்புள்ளய எந்த ஊருக்குக் கட்டிக் குடுத்தே?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சாம்பலைப் பார்த்தது வரைக்கும், ரிஜிஸ்தரில் எழுதினது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அழுதேன். அவள் அழவில்லை. துணியோடவா எரித்தார்கள் என்று ஒன்றே ஒன்று கேட்டாள். ஆமாம் என்றேன். ரோசலின் டிரங்கைத் திறந்து சிவப்புச் சேலையை எடுத்துவந்து கொடுத்தாள். பேச்சாயி அதை வாங்கி மஞ்சள் பைக்குள் வைத்து, பையின் வாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சின்னப்புள்ளைக்கு நெருப்பு வைக்கக் கூடாதுன்னு நாங்க பொதைச்சோம் அப்பு. நீங்க எரிச்சுட்டீக."

நான் எரிக்கவில்லை, காரியதரிசிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ரோசலின் என்னைப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டேன்.